கடலுக்குப் போகத் தக்க மாதம்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அவற்றைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களிலும், பின்னிரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்பதும், புளியோதரைத் தூக்குகளும் தண்ணீர்க் குடங்களும் உறக்கம் கலையாத குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஏற்றப்படுவதும், விடியும் நேரத்தில் இராமேசுவரத்தை அடைந்து அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, உச்சிவெயிலில் தனுஷ்கோடி மணலில் கால் சுடச் சிறிது தூரம் நடந்து, பாம்பன் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அன்றிரவே ஊர் திரும்பிவிடுவதும் வருஷந்தோறும் நடக்கின்றன. இதில் பக்தி இருக்கிறது; குடும்பத்தாரின் ஒற்றுமை இருக்கிறது; தறிக்கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை மனைவி மக்களின் மகிழ்ச்சிக்காக ஒரே நாளில் செலவிடும் உதார குணமும் இருக்கிறது. ஆயினும் கடலைப் பார்க்கவென்று புறப்பட்டவர்கள் கடலோடு கழித்த பொழுதைக் கணக்கிட்டால், அது வேனுக்குள் கழிந்த பொழுதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

நம்மவர்கள் கடற்கரைக்குப் போகத் தேர்ந்தெடுக்கும் மாதமும் பொருத்தமற்றது, தூரமும் பொருத்தமற்றது என்பது என் அபிப்பிராயம். சித்திரை வைகாசியை விட்டுத் தை மாதத்தில் போகவேண்டும். ஐந்தாறு ஸ்தலங்களை ஒரே மூச்சில் ஓடிப் பார்ப்பதை விட்டு, நமக்கு மிக அருகிலுள்ள ஒரு கரையில் ஒரு பகலும் ஓர் இரவுமாவது தங்கியிருக்க வேண்டும். இப்படிச் சொல்வதற்குரிய காரணங்கள் கடலிலும் இருக்கின்றன, நம் காடுகளிலும் தறிக்கூடங்களிலும் இருக்கின்றன.

முதலில் தூரத்தைப் பற்றி. மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்தே பழகிய நமக்கு, சமுத்திரம் என்பது எங்கோ தேசத்தின் எல்லையில் இருப்பதாக ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மன்னார் வளைகுடாவின் கரை சுமார் 60 கிலோமீட்டர்தான். கமுதி, சாயல்குடி வழியாகச் சாலையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 1910-ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது முதல், 1985-இல் அது பிரிக்கப்பட்டு நம் பகுதி விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் சேரும் வரையில், ஏழு தசாப்தங்களுக்கும் மேலாக, நம்முடைய பருத்திக்காடும் இராமேசுவரத்தின் அலைகளும் ஒரே ஜில்லாவாகவே இருந்தன. நிர்வாக எல்லை மாறிய பிறகு பிறந்த தலைமுறைக்குத்தான் கடற்கரை அயலூராகத் தோன்றுகிறது.

நிர்வாகம் பிரித்ததை நதி பிரிக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலே தோன்றித் திருமங்கலத்தைக் கடந்து, திருச்சுழியைத் தழுவி, கமுதி வழியாகச் செல்லும் குண்டாறு, வழியெங்கும் கண்மாய்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது போக எஞ்சிய நீரோடு மூக்கையூருக்கு அருகே கடலில் கலக்கிறது. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் பூமிக்குள் புகச் செய்தார் என்று ஸ்தலபுராணம் கூறுகின்ற, சுந்தரரால் பாடப்பெற்ற, ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-இல் அவதரித்த அந்தத் திருச்சுழியிலே, ஆற்று மணலில் விளையாடி வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் ஆறு எந்த ஊரில் கடலைச் சேருகிறது என்பது தெரியும்? பூகோளப் பாடத்தில் கங்கையின் முகத்துவாரத்தையும் நைல் நதியின் முகத்துவாரத்தையும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் குண்டாற்றின் முகத்துவாரத்தை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? என்னுடைய வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே புறப்படுகிறது.

இனி மாதத்தைப் பற்றி. இராமேசுவரத் தீவுக்கு வடக்கே உள்ள பாக் ஜலசந்தியைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர்கள் வழங்குகிறார்கள். இவ்விரண்டு கடல்களின் சுபாவமும் பருவத்துக்குப் பருவம் மாறும். வைகாசி தொடங்கிக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசுகின்ற மாதங்களில் வளைகுடாவின் அலைகள் உயர்ந்து கரையை மோதும். அப்போது ஜலசந்தி ஒப்புநோக்க அமைதியாயிருக்கும். ஐப்பசி முதல் வாடைக்காற்று அடிக்கையில் ஜலசந்தி கொந்தளிக்க, நம் பக்கத்து வளைகுடா அடங்கிக் கிடக்கும். ஆகவே ஆடி அமாவாசைக்குப் பிதிர்களுக்கு நீர் இறைக்கப் போகிறவர்கள் ஜலசந்தியின் கரையிலுள்ள தேவிபட்டினத்துக்குப் போவதும், தை அமாவாசைக்குப் போகிறவர்கள் வளைகுடாக் கரையிலுள்ள மாரியூருக்கோ சேதுக்கரைக்கோ போவதும் நீராட்டுக்கு உகந்த ஏற்பாடாகும். வெறும் உல்லாசத்துக்காகப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

கோடையில் இன்னொரு குறையும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனவிருத்தி செய்யும் காலமென்று, விசைப்படகுகள் கடலுக்குள் போவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மிகவும் நியாயமான தடை அது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் நாட்கள் பெரும்பாலும் அந்தத் தடைக்காலத்துக்குள்ளேயே விழுவதால், அவர்கள் காண்பது வரிசையாகக் கட்டிப் போட்ட படகுகளையும், வருமானம் இன்றி வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களையுந்தான். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் சிறிதளவு மீன் கொண்டுவர, அதன் விலையும் ஏறியிருக்கும். கடற்கரை ஊர் எப்படி உயிர்த்து இயங்குகிறது என்பதைக் காண அது தக்க சமயமன்று.

தை மாதமோ எல்லா வகையிலும் நமக்கு இசைந்து வருகிறது. குளிரால் மல்லிகைச் செடி மொட்டு விடுவது குறைந்து, விடியுமுன் பூப்பறிக்க ஓடவேண்டிய நிர்ப்பந்தம் தளர்ந்திருக்கும் மாதம் அது. பங்குனியிலும் சித்திரையிலும் பூ மிகுதியாகப் பூக்கிற காலத்தில் மல்லிகைத் தோட்டக்காரர் ஒருநாள் ஊரைவிட்டு அகன்றாலும் அன்றைய பூ செடியிலேயே மலர்ந்து வீணாகும்; மாசி பிறந்துவிட்டால் மிளகாய்க் காட்டுக்காரருக்கும் ஓய்வில்லை. தறி நின்றால் கூலியில்லை என்ற நிலையிலுள்ள நெசவாளருக்கோ, பொங்கலை ஒட்டி ஊரே தறியை நிறுத்தியிருக்கும் மூன்று நான்கு நாட்கள்தான் மனக்கிலேசமின்றி வெளியே போகக்கூடிய நாட்கள். பள்ளிக்கூடமும் அப்போது விடுமுறையிலிருக்கிறது. காணும் பொங்கலன்று குடும்பத்தோடு வெளியே புறப்படுவது தமிழர்க்குப் புதிய வழக்கமும் அன்று. நம்முடைய தொழில்களும், காற்றும், பஞ்சாங்கமும் ஒத்துச் சொல்லுகின்ற மாதத்தை விட்டுவிட்டு, வெயிலின் உக்கிரத்தில் நாம் ஏன் போகவேண்டும்?

தையில் புறப்பட்டால் பாதையே பாதி விருந்து. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டாயின், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கண்மாய்கள் நிறைந்திருக்கும். அவற்றுள் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும் பறவைகள் சரணாலயங்களாகி, 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் உடைய நீர்நிலைகளாகவும் அங்கீகரிக்கப்பட்டவை. சாயல்குடிப் பக்கத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்களும் சரணாலயமே. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் மேல் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் நத்தைகுத்தி நாரைகளும் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதை, சாலையோரத்தில் வண்டியை நிறுத்திச் சத்தமின்றி அரைமணி நேரம் பார்க்கலாம். விவசாயத்துக்காக முன்னோர் வெட்டிய கண்மாய் உலகம் மதிக்கும் பறவைப் புகலிடமாகியிருக்கிறது என்ற செய்தியை, அந்தக் கண்மாயை ஒத்த ஒன்றின் கரையில் வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லக்கூடிய இடம் வேறெது?

மூக்கையூரை அடைந்ததும் நேரே அலைக்கு ஓடாமல் முகத்துவாரத்துக்குப் போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மழைக்காலத்தில் செம்மண் கலங்கலாகப் புரண்டு வந்த ஆறு, தையில் பெருமளவு வடிந்து, ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றையொன்று சந்தித்து உவர்ப்பாய் நிற்கும் பரப்பு அது. ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்னும் ஆதங்கம் நம் பக்கத்து விவசாயிகளின் நாவில் எப்போதும் இருப்பது. குடத்துத் தண்ணீருக்காகக் காத்து நின்றவர்களின் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லின் துயரத்தை நான் அறிவேன். ஆனால் இறாலின் குஞ்சுகள் ஆழ்கடலிலிருந்து இந்தக் கழிமுகத்தைத் தேடி வந்து இங்கேயே வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றன. மடவை மீன் இந்த உவர்நீரை விரும்பி வாழ்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் கடலின் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. ஆற்று மணல் கரையின் அரிப்பை ஈடு செய்கிறது. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படித்தான் மீனுக்குக் கழிமுகம். காவிரியைக் குண்டாற்றோடு இணைப்பதற்கென 262 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் விரைவில் நம்மை வந்தடைய வேண்டுமென்று மனமாரப் பிரார்த்திக்கிறவர்களில் நானும் ஒருவன். அது வருகிற நாளிலும், கடலுக்குப் போய்ச் சேரவேண்டிய பங்கை வீணென்று பேசாதிருக்கும் விவேகம் நமக்கு வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது அரிது. மூக்கையூர்க் கழிமுகத்தில் கணுக்கால் நீரில் நின்று, துள்ளும் மீன்குஞ்சுகளைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

மறுநாள் விடியற்காலையை மீன் இறங்குதுறைக்கென்றே ஒதுக்கி வைக்கவேண்டும். இரவெல்லாம் கடலிலிருந்த வள்ளங்கள் கரை சேர்ந்து, பாறையும் ஊளியும் சீலாவும் விளைமீனும் நண்டும் கணவாயும் மணலில் கூறுகூறாகக் கொட்டப்பட்டு, ஏலக்காரர் விலையைக் கூவிக் கூவி ஏற்றுவதும், பெண்கள் கூடையோடு முந்துவதும், ஐஸ் பெட்டிகள் நிறைந்து லாரியில் ஏறுவதும் ஒருமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அருப்புக்கோட்டைச் சந்தையில் நாம் வாங்குகிற கருவாட்டுக்கும் மீனுக்கும் பின்னால் எத்தனை பேருடைய உறக்கமற்ற இரவு இருக்கிறது என்பது அப்போது பிரத்தியட்சமாகும். கரைவலை இழுக்கும் நாளாக அமைந்துவிட்டால் அது பெரும் பாக்கியம். இருபது முப்பது பேர் இரு வரிசையாகக் கயிற்றைப் பற்றி, ஒருமித்த குரலில் பாடி, அரைவட்டமாகக் கிடக்கும் வலையை அங்குலம் அங்குலமாகக் கரைக்கு இழுக்கையில், விருந்தாளிகளாகிய நாமும் அனுமதி கேட்டுக் கயிற்றின் நுனியைப் பிடிக்கலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேளாமல் வலையைத் தாண்டுவதும், செருப்புக் காலோடு மீன் மேல் நடப்பதும், உழைக்கிறவர்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்பதும், அவர்களுடைய வீட்டு முற்றத்தில் காலி பாட்டில்களை வீசிவிட்டு வருவதும் நம் ஊருக்கே அவமானம். நம் தறிக்கூடத்துக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்து பாவு நூலைத் தொட்டு இழுத்தால் நமக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே நடத்தை தானாகச் சீர்ப்படும்.

நீராடுவதைப் பற்றி மிகுந்த கவலையோடு சில வார்த்தைகள் சொல்லவேண்டும். நம் பக்கத்து இளைஞர்கள் கமலைக் கிணற்றில் குதித்தும் கண்மாயில் குறுக்கே நீந்தியும் பழகியவர்கள். அந்தத் தைரியமே கடலில் அவர்களுக்குச் சத்துருவாகிறது. கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்பது. கடல் நீரோ, கரையில் மோதிய அலைகள் திரும்பும்போது, சில இடங்களில் குறுகிய வாய்க்காலைப் போலத் திரண்டு ஆழத்தை நோக்கி விசையோடு ஓடும். பார்வைக்கு அலை குறைவாகவும் அமைதியாகவும் தெரிகின்ற இடமே பலசமயம் அத்தகைய நீரோட்டமுள்ள இடமாக இருக்கும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்தால் களைத்து மூழ்கிவிடுவார்; பதற்றமின்றி மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரைக்குத் திரும்பவேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளைகள் அநேகர். எந்தக் கரைக்குப் போனாலும், முதலில் அவ்வூர் மீனவர் ஒருவரை அணுகி, எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்று கேட்டுவிட்டு, இடுப்பளவுக்கு மேல் போகாதிருப்பது உத்தமம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரு கடல்களும் கூடுமிடத்தில் நீராடவே கூடாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் ஒரு ரயிலையும் ஒரு பட்டணத்தையும் விழுங்கிய கடல் அது.

நீருக்குள் இருக்கும் செல்வத்தைப் பற்றியும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் உள்ளடக்கி, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவும், 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்குமாகப் பவளத்தை வெட்டியெடுத்த காலத்தின் விளைவாக அவற்றில் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துபோயின. ஆகவே கடைத்தெருவில் பவளத் துண்டையோ, காய்ந்த கடல்குதிரையையோ யாரேனும் ரகசியமாக விற்றால் வாங்கலாகாது. 2001-இல் அவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து புலிக்கு நிகரான பாதுகாப்பைப் பெற்றன. உயிருள்ள பவளத்தைப் பார்க்கும் ஆவல் உள்ளவர்கள், மண்டபத்துக்கு முன்னுள்ள பிரப்பன்வலசையில் ஆழமற்ற நீரில் முகமூடி அணிந்து மிதந்து பார்க்கவும், தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வரவும் வாய்ப்புண்டு. எனினும் அவ்விரண்டும் பெண்கடல் பக்கத்தவை. வாடைக்காலம் கழிந்த பிறகு போவதற்குரியவை. அவற்றை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழிபாட்டில் நாட்டமுள்ளவர்களுக்கு இந்தச் சிறு கரையில் குறையில்லை. சிவபெருமான் மீனவராக வந்து வலை வீசிய திருவிளையாடல் நிகழ்ந்த இடமென்று போற்றப்படும் மாரியூர்ப் பூவேந்தியநாதர் கோயிலும், மூக்கையூர்ச் சந்தியாகப்பர் ஆலயமும், சர்வ மதத்தாரும் செல்லும் ஏர்வாடி தர்காவும் அதே கரையோரத்தில் இருக்கின்றன. ஏர்வாடியில் குறைந்த செலவில் இரவு தங்கவும் வசதியுண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்காமலிருப்பது நேர்மையாகாது. வேன் பிடிக்கும் சக்தியற்ற குடும்பங்களே எங்கள் பகுதியில் அதிகம். அவர்களுக்காகப் பொங்கல் விடுமுறை நாட்களிலாவது அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் கமுதி வழியாக மூக்கையூருக்கும் மாரியூருக்கும் அதிகாலையில் போய் இரவில் திரும்பும் நேர்ப் பேருந்துகள் விடப்பட வேண்டும். நனைந்த சேலையோடு பெண்கள் நெடுநேரம் நிற்க நேராதபடி, உடை மாற்ற மறைவிடமும், உப்பைக் கழுவ நல்ல தண்ணீரும், கழிப்பறையும் கரைகளில் அமைய வேண்டும். கூட்டம் கூடும் நாட்களில் அந்தந்த ஊர் மீனவ இளைஞர்களையே பயிற்சியளித்து உயிர்காப்போராக நியமித்தால், நமக்குப் பாதுகாப்பும் அவர்களுக்கு ஊதியமும் ஒருங்கே கிட்டும். பெரிய பெரிய உல்லாச விடுதிகளைக் கட்டி மீனவர் குப்பங்களை அகற்றும் வகையில் வரும் வளர்ச்சி எதுவும் நமக்கு வேண்டாம். அந்த மக்கள் அங்கே இருப்பதனாலேயே அந்தக் கரை பார்க்கத் தக்கதாக இருக்கிறது.

நம் பகுதிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்விச் சுற்றுலா என்று பிள்ளைகளைத் தொலைதூரப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகும் செலவில் பாதியைக் கொண்டு, திருச்சுழி ஆற்றங்கரையில் தொடங்கி, கமுதியில் நிறுத்தி, சித்திரங்குடிக் கண்மாயைக் காட்டி, மூக்கையூர் முகத்துவாரத்தில் முடிகிற ஒருநாள் பயணத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தலாம். ஒவ்வோர் இடத்திலும் நீரை ஒரு சீசாவில் பிடித்து உப்பின் அளவைப் பரிசோதிப்பதற்குப் பள்ளி ஆய்வுக்கூடமே போதும். பேருந்து ஒன்றும், கரையை நன்கறிந்த மீனவர் ஒருவரின் துணையும், கயிறும் மிதவையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆசிரியர் இருவரும் இருந்தால், வருகிற தையிலேயே தொடங்கிவிடலாம்.